கண்ணாடி ஓட்டின் மேல் சாக்கு

நம் பள்ளிக்கூடக் குரூப்பில் நேற்றுக் காலை ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். கூடுவாஞ்சேரியில் நாலாவது மாடியில் குடியிருக்கிறாளே, தபால் ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவள், அவள் போட்டது. ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் தயிர் டப்பாக்களில் தக்காளி நாற்று. நூல் மாதிரி நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீழ் இலையெல்லாம் மஞ்சளடித்துக் கிடந்தது. என்னடி செய்யலாம் என்று கேட்டிருந்தாள். ஆளுக்கு ஒன்று சொன்னீர்கள். முட்டை ஓடு, டீத்தூள், புளித்த மோர். யார் கண்ணோ பட்டிருக்கு என்றுகூட ஒருத்தி எழுதியிருந்தாள்.

வெளிச்சம் பத்தவில்லை, தண்ணீர் அதிகம் என்று நான் எழுதினேன். ஜன்னல் ஓரமாக மாற்று, மண் காய்ந்த பிறகு ஊற்று, ஒரேயடியாக வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடாதே, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கு என்றேன். விஷயம் அவ்வளவுதான். அனுப்பிவிட்டேன். அப்புறம் நேற்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

உங்களில் பாதிப் பேர் செங்கல்பட்டில் எங்கள் வீட்டு முற்றத்தில் பாண்டி ஆடினவர்கள். எங்கள் அத்தையை உங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தலை பின்னிவிடுவாள். நாம் ஆறாவது போவதற்கு முந்தின கோடை லீவில் அவள் திடீரென்று இல்லாமல் போனாள். ஊருக்குப் போயிருக்கு என்று வீட்டில் சொன்னார்கள். அவள் ஊருக்குப் போகவில்லை. நாம் முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள்.

அத்தை அப்பாவுக்குத் தங்கை. மதுராந்தகம் ஏரிக்குக் கீழே இருந்த கிராமத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போன பிறகு, அப்பா பஸ் டிரைவர் வேலை கிடைத்துச் செங்கல்பட்டுக்கு வந்தபோது அவளையும் கூட்டிவந்து வளர்த்தார். 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்பதால், வெளியிலிருந்து அவர் குரல் கொடுத்தால் நாங்கள் ரெண்டு பேரும் ஓடுவோம்.

அவள் எந்த விதையையும் குப்பையில் போட விடமாட்டாள். பாகற்காய் அரிந்தால் பழுத்த விதையை எடுத்து வைத்துக்கொள்வாள். ஹவுஸ் ஓனரம்மாவின் ஆடுகள் முற்றத்தில் எதையும் விட்டுவைக்காது. அப்படியும் குளியலறைச் சுவர்மேல் ஒரு பாகல் கொடியை ஏற்றிவிட்டாள்.

அந்தப் பங்குனியில் அவளுக்கு மதுராந்தகத்தில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். அரிசி மில்லில் மெக்கானிக். ஆவணியில் கல்யாணம். அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். தாளிக்கிற வாசனை ஆகாமல் சமையலறைப் பக்கமே வரமாட்டாள், அத்தைதான் சமைப்பாள். ஒருநாள் எண்ணெய் காய்ந்து கடுகு போட்டபோது தெறித்து அத்தையின் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. குழம்பைக் கிளறிக்கொண்டே என்னிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"சுடலியா உனுக்கு?"

"இன்னா அண்ணி?"

அம்மா அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். காதுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசாக, வெளுத்த தேமல் மாதிரி ஒன்று இருந்தது. அதன் நடுவில் கடுகு தெறித்த இடம் கொப்புளமாக எழும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் அப்பா லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டரம்மா பஞ்சால் தொட்டுப் பார்த்தார், ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். தொழுநோயின் ஆரம்பம், இந்த மாதிரி ஒற்றைத் தேமல் யாருக்கும் ஒட்டாது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் போய்விடும், வீட்டில் எல்லோரோடும் எப்போதும்போல இருக்கலாம் என்று சொல்லியனுப்பினார். இதெல்லாம் அப்பா வந்து அம்மாவிடம் சொன்னது. நான் கட்டிலுக்குக் கீழே பாண்டிச் சில்லு தேடிக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா அவ கையப் புடிச்சிகினு பேசினாங்கடி. ஒட்டுற வியாதின்னா புடிப்பாங்களா?"

"அவுங்களுக்கு இன்னா? அவுங்க வூட்டுக்கா இட்டுகினு போறாங்க?" என்றாள் அம்மா. அப்புறம் குரலை இறக்கி, "மாப்ள வூட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்? ஓனரம்மாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே காலி பண்ணச் சொல்லும்" என்றாள்.

மாத்திரை தின்று தேமல் மறைகிற வரைக்கும் யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று ரெண்டு பேரும் முடிவு செய்தார்கள். அத்தையும் சரி என்றாள். அவளுக்கும் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

முதலில் அம்மை போட்டிருக்கிறது என்று சொன்னார்கள். வாசலில் வேப்பிலை செருகியதும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அம்மையை எத்தனை நாள் சொல்ல முடியும்? தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, உடம்பு தேற ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஊருக்குப் போனவள் முற்றத்தில் நடமாட முடியுமா? அதோடு அவள் பின்னறைக்குள் அடைந்தாள்.

அந்தப் பின்னறை உங்களில் யாரும் பார்த்ததில்லை. விறகும் வரட்டியும் பழைய பாயும் போட்டு வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. நாட்டு ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதன் வழியாகக் காலையில் மேற்குச் சுவரில் ஒரு வெயில் துண்டு விழும். மெல்ல இறங்கித் தரைக்கு வந்து, நடு அறையைக் கடந்து, சாயங்காலம் கிழக்குச் சுவரில் ஏறி மறையும். வரட்டி வாசனையும், அத்தை பூசிக்கொள்கிற பவுடர் வாசனையும் அங்கே ஒன்றாகக் கலந்திருக்கும். யாரும் பார்க்காவிட்டாலும் தினமும் பவுடர் பூசிப் பொட்டு வைத்துக்கொள்வாள்.

நாலைந்து நாளிலேயே அவளுக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை. "பாப்பா, மண்ணு எடுத்துகினு வரியா?" என்றாள். கிணற்றடி மண்ணைப் பாவாடையில் கட்டிக்கொண்டு போனேன். கொட்டாங்குச்சிகளிலும் பழைய பால்பவுடர் டின்களிலும் மண்ணை நிரப்பித் தக்காளியும் மிளகாயும் பாகலும் போட்டாள். ஒரு கிண்ணத்தில் சாமந்தி.

"கல்யாணத்துக்குள்ள பூத்துடும். என் தலைக்கு என் பூவே வச்சிக்கலாம்."

முளைத்தன. அந்த வெயில் துண்டு நகர நகர டின்களையும் அத்தை நகர்த்திக்கொண்டே போவாள். காலையில் சுவரோரம், மத்தியானம் நடுவில், சாயங்காலம் கதவுக்குப் பக்கம். அந்த அறையில் அவளுக்கு அதுதான் நாள் முழுவதற்குமான வேலை. நானும் தள்ளுவேன். அப்போது இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. இதை நான் நிச்சயமாகச் சொல்ல முடியும். பாகலின் முதல் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துக் கைப்பு வாசனை வருகிறதென்று சிரித்தோம்.

ஓனரம்மாவின் பிள்ளைகள் அந்த லீவில் பந்து விளையாட ஆரம்பித்தார்கள். ஒருநாள் பந்து எங்கள் கூரையில் ஏறிக்கொண்டது. பெரியவன் சுவரைப் பிடித்து ஓட்டுமேல் ஏறினான். ஓடு நெரிகிற சத்தம் கேட்டது. கண்ணாடி ஓட்டின் குறுக்கே அவன் நிழல் விழுந்தது. அத்தை விறகுக் கட்டுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டாள். அவன் கீழே பார்த்தானா, இல்லையா, தெரியாது. பந்தை எடுத்துக்கொண்டு குதித்துவிட்டான்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த அப்பாவிடம் அம்மா சொன்னாள். அப்பா காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூரைமேல் ஏறி, கண்ணாடி ஓட்டின் மேல் ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டு, காற்றில் பறக்காமல் ரெண்டு செங்கல்லை வைத்துவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகுதான் இலைகள் மஞ்சளாயின.

முதலில் அடி இலை, அப்புறம் நடு. தண்டு வெளுத்து நீண்டு, கதவிடுக்கில் தெரிகிற வெளிச்சக் கீற்றைப் பார்த்துச் சாய்ந்தது. தாகம் என்று நினைத்து அத்தை இன்னும் தண்ணீர் ஊற்றினாள். மண்ணில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது, சின்னச் சின்னக் கொசு பறந்தது. அரிசி களைந்த தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். டீத்தூள் கேட்டாள். அடுப்புச் சாம்பல், மோர், சாணித் தண்ணீர். எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அறையே புளித்த நாற்றமெடுத்தது. தக்காளி இலைகளில் திட்டுத் திட்டாக வெளிறியது. அத்தை ஒவ்வொரு இலையாக விரலால் தடவிக் கொடுப்பாள். கண்ணாடி ஓட்டைத் திறந்துவிடச் சொல்லலாமே என்று ஏன் தோன்றவில்லை என்று இப்போது கேட்கலாம். அது தன்னை மறைக்கப் போட்ட சாக்கு. அதை எடு என்று எப்படிக் கேட்பாள்?

சாப்பாட்டுத் தட்டை வைக்க வந்த அம்மா ஒருநாள் அந்தத் திட்டு விழுந்த இலையைப் பார்த்தாள். அத்தையின் கன்னத்தையும் பார்த்தாள். கை தன்னால் வயிற்றுக்குப் போயிற்று.

"இன்னாடி இது, இதுக்கும் வந்துகீது?"

"வெய்யிலு இல்ல அண்ணி, அதான்."

"முன்ன மட்டும் இன்னா வெய்யிலு? நல்லாத்தானே இருந்திச்சி."

அன்றிலிருந்து என்னை உள்ளே விடவில்லை. தட்டையும் வாசலிலேயே வைத்துத் தள்ளினாள். அம்மாவை நான் பொல்லாதவள் என்று சொல்லமாட்டேன். எனக்கு முன்னால் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா சொன்னது வெறும் பேச்சு. அந்த மஞ்சள் இலையைத்தான் அவள் கண்ணால் பார்த்தாள்.

அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து கெஞ்சினாள். "அண்ணி, ஒரே ஒரு நாளு செடிங்கள வெளிய வையி. வெய்யிலு பட்டா தேறிக்கும். நீயே பாரு."

கத்திரி வெயில் காலம் அது. அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, டின்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து துவைக்கிற கல்மேல் வரிசையாக வைத்தாள். சாமந்திக் கிண்ணம் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. உச்சிப்பொழுது. ஆடுகள்கூட நிழலுக்குப் போய்விட்டன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி பச்சையாகிவிடும் என்று நினைத்துச் சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து அத்தை, "எப்டி கீது பாப்பா? நிமுந்திச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நிமிரவில்லை. இருட்டிலேயே வளர்ந்த இலை அந்த வெயிலை எப்படித் தாங்கும்? முதலில் தொங்கின. அப்புறம் வெளுத்தன. நிழல் திரும்புவதற்குள் எல்லாம் காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டன.

அப்பா வந்தபோது அம்மா ஒரு டின்னைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"கெணத்தடி மண்ணு. நாம குடிக்கிற தண்ணி. ஊருக்கே அடிக்கிற வெய்யிலு. இத்தினி இருந்தும் நிக்கலன்னா, இன்னா அர்த்தம்? நீயே சொல்லு."

அப்பா டின்னைக் கையில் எடுத்தார். ஒரு தண்டை லேசாக இழுத்தார், வேரோடு வந்தது. வேர் கறுத்துப் போயிருந்தது. டாக்டரம்மா சொன்னதை நம்பினவர் அவர். அந்த நிமிஷம்வரை நம்பினார். விவசாயி வீட்டுப் பிள்ளை, நாற்றைத் தெரியாதவரா? தெரியும். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் வயலில் நின்ற நாற்று. வீட்டுக்குள் இருட்டில் வைத்த நாற்றை அவர் பார்த்ததில்லை.

இப்போது எனக்குப் புரிகிறது. அன்றைக்கு அந்தச் செடிகள் வெயிலில் தேறியிருந்தாலும் அத்தைக்கு விடிவு வந்திருக்காது. பார், அவளைவிட்டு வெளியே வந்ததும் பிழைத்துக்கொண்டது என்றிருப்பார்கள்.

சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டில், கடலுக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்புக்குள் இந்த நோயாளிகளுக்கென்று ஒரு இல்லம் இருந்தது. அப்பா ஓட்டிய பஸ் தினமும் அதன் வாசலைத் தாண்டித்தான் போகும். விடியற்காலையில் அத்தையை முதல் டிரிப்பிலேயே கூட்டிப்போனார். டாக்டரிடம் காட்டப் போகிறோம் என்று சொல்லியிருப்பார் போல. அவள் கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளில் ஒன்றை உடுத்திக்கொண்டிருந்தாள், வெந்தய நிறம். பவுடர் பூசியிருந்தாள். கிளம்பும்போது, "அந்தக் கிண்ணத்துல சாமந்தி ஒண்ணு உசுரோட கீது, கொஞ்சமா தண்ணி விடு" என்று என்னிடம் சொன்னாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் அம்மா கிண்ணத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள். பாயையும் தலையணையையும் முற்றத்து மூலையில் கொளுத்தினாள். பவுடர் டப்பாவையும் அதில் போட்டாள். அது வெடித்தது. பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆளில்லாத அறையாகிவிட்டதால் கூரையிலிருந்த சாக்கையும் அப்பா எடுத்துப் போட்டார். வெயில் பழையபடி உள்ளே வந்தது. மதுராந்தகத்து மாப்பிள்ளை அந்த ஆவணியிலேயே வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். எனக்குத் தம்பி பிறந்தான், நல்லபடியாக.

அடுத்த கோடை லீவில் ஒருநாள் அப்பா என்னைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மீன் விற்றுவிட்டுத் திரும்புகிற அம்மாக்கள் காலிக் கூடைகளோடு ஏறியிருந்தார்கள். பஸ் முழுக்க அந்த வாடை. திருக்கழுக்குன்றம் தாண்டி, உப்புக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் அப்பா வேகத்தைக் கூட்டினார்.

சவுக்குத் தோப்பு வந்தது. நிறுத்தத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஒரு கூடைக்கார அம்மா, "யோவ் டிரைவரு, எறங்கணும்யா!" என்று சத்தம் போட்டது. கண்டக்டர் விசிலடித்தார். நிறுத்தத்தைத் தாண்டிப் போய் பஸ் நின்றது. அத்தை ஓடிவந்தாள். இதற்கு முன்னால் எத்தனையோ நாள் அப்படி நின்றிருப்பாள் போல. மூச்சு வாங்க, டிரைவர் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள்.

"அண்ணே."

அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, போயிட்சிண்ணே. டாக்டரு சொல்ட்டாரு. நீயே பாரேன்." கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். தேமல் இருந்த இடம் தெரியவில்லை. கடுகு தெறித்த சின்னத் தழும்பு மட்டும் இருந்தது.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "ஐய, பாப்பா! எம்மாம் வளந்துட்ட! அண்ணிக்கு இன்னா புள்ள?"

"தம்பி" என்றேன்.

"தம்பியா!" முகமெல்லாம் சிரிப்பு. "என்னாட்டம் கீறானா, எங்கண்ணனாட்டமா?"

"அண்ணாத்த, ரைட்டு, போலாம்" என்றார் கண்டக்டர். கூடை இறங்கியாகிவிட்டது. அப்பா கியரைப் போட்டார். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள், அப்புறம் ஓடினாள். "அண்ணே, ஒரு வார்த்த..." பஸ் வேகமெடுத்ததும் கம்பியை விட்டுவிட்டாள். நான் எழுந்து பின்னால் பார்த்தேன். புழுதிக்குள் நின்றுகொண்டிருந்தாள்.

சதுரங்கப்பட்டினத்தில் அப்பா டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கடலைப் பார்க்கவில்லை. திரும்பும்போது, "அம்மாகிட்ட சொல்லிகினு இருக்காத" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த மாதத்திலேயே கேட்டு மதுராந்தகம் ரூட்டை வாங்கிக்கொண்டார். ரிட்டையர் ஆகும்வரை அதையே ஓட்டினார். தங்கை குணமாகிவிட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கூட்டிவந்தால், அனுப்பிய தப்பு தினமும் வீட்டுக்குள் கண்ணெதிரே நடமாடுமே. அதற்கு அவரிடம் தெம்பில்லை என்று நினைக்கிறேன். வீட்டில் அவள் பேச்சே எழாது. தம்பிக்கு அத்தை ஒருத்தி இருந்ததே ரொம்ப காலம் தெரியாது.

அத்தை அந்த இல்லத்திலேயே தறி கற்றுக்கொண்டு, பிற்பாடு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை நான் போய் வந்துகொண்டிருந்தேன். எத்தனை தரம் கூப்பிட்டும் அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் நான் முதல் தரம் போனதுதான் இன்றைக்கும் கண்முன் நிற்கிறது. அப்பா காலமாகி, காரியம் முடிந்த கையோடு, வீட்டில் சொல்லாமல் மாமல்லபுரம் போய், அங்கிருந்து பஸ் மாறி அந்த நிறுத்தத்தில் இறங்கினேன். அத்தைக்குச் சாவுச் செய்தி சொல்லி ஆள் அனுப்பக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

தறிக்கூடத்தில் இருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"அப்பா போயிட்டாரு அத்தை."

கை நூலிலேயே இருந்தது. "எப்போ?"

"பதினாறு முடிஞ்சிது."

"சொல்லி அனுப்பிருக்கலாமே." நான் பதில் சொல்லுமுன் அவளே, "சரி, வுடு" என்றாள். அறுந்த நூலை முடிந்துகொண்டே, "எந்த ரூட்டுல ஓட்டிகினு இருந்தான்?" என்று கேட்டாள்.

"மதுராந்தகம்."

"ஒரு டிரைவரு அப்பவே சொன்னாரு, மாத்தலாயிட்டான்னு. நான் நம்பல. லீவு போட்டிருப்பான்னு நின்னுகினே இருந்தேன்."

எழுந்து வெளியே நடந்தாள். நானும் போனேன். தோப்பு ஓரமாக ஒரு கைப்பம்ப் இருந்தது. கொண்டையை அவிழ்த்துவிட்டு, கட்டிய சேலையோடு அதன் வாய்க்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூடப் பிறந்தவனுக்காகத் தலைமுழுகுகிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அடி" என்றாள்.

அடித்தேன். தண்ணீர் உச்சந்தலையில் கொட்டி, நரைத்த முடியை முகத்தோடு ஒட்டவைத்து, வழிந்து மணலில் ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முழங்கால்மேல் கைகளை மலர்த்தி வைத்திருந்தாள். தோள்பட்டை வலித்து நிறுத்தினேன்.

"போதுமா அத்தை?"

"இன்னும் அடி" என்றாள்.